சுருதி கலைந்த பியானோ: சமகால ஹங்கேரிய நாவல்களில் இசை

பெயர் சொல்லப்படாத ஒரு ஹங்கேரியச் சிறுநகரத்தில், இசைப்பள்ளி இயக்குநராக இருந்து விலகிய எஸ்தெர் என்ற முதியவர், பெரும்பாலும் படுக்கையிலேயே காலத்தைக் கழிக்கிறார். ஊரின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அதைவிட மோசமாக, இசையின் மேலும் போய்விட்டது. தான் வாழ்நாளெல்லாம் கற்பித்த மேற்கத்திய இசை ஒரு பொய்யின் மேல் எழுப்பப்பட்டது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அந்தப் பொய்யைத் தன் வீட்டிலாவது ஒழிக்க வேண்டும் என்பதற்காகப் பியானோவின் சுருதியைக் கலைத்து, இயற்கையான தூய விகிதங்களுக்கு மாற்றி வைக்கிறார். பிறகு அதில் ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதியதை வாசிக்கிறார். காது கூசும் அபசுரமே எழுகிறது. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் நோன்பைப்போல் அவர் அதை விடாமல் செய்கிறார்.

2025ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசைப் பெற்ற லாஸ்லோ கிராஸ்னஹோர்க்காய் 1989இல் வெளியிட்ட 'எதிர்ப்பின் துயர்' நாவலில் வருபவர் இந்த எஸ்தெர். நாவலின் நடுப்பகுதிக்கு 'வெர்க்மைஸ்டர் இசைவுகள்' என்று பெயர். ஆந்திரேயாஸ் வெர்க்மைஸ்டர் (1645–1706) கற்பனைப் பாத்திரம் அல்ல. ஆர்கன் வாசித்தவர், சுருதி சேர்க்கும் முறைகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். ஹங்கேரியச் சமவெளியில் சேற்றில் நடக்கும் மனிதர்களைப் பற்றியும், பதப்படுத்திய திமிங்கிலத்தைக் கொண்டுவரும் சர்க்கஸ் பற்றியும் எழுதக்கூடிய ஒருவர், 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சுருதி நிபுணர் ஒருவரின் பெயரை நாவலின் நடுநெற்றியில் ஏன் பொறிக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், கடந்த அரை நூற்றாண்டின் ஹங்கேரியப் புனைவில் இசை என்ன வேலை செய்கிறது என்பது ஓரளவு பிடிபடும்.

முதலில் அந்தப் 'பொய்' என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலான தூய உறவு, அதிர்வெண்ணில் 2க்கு 3 என்ற விகிதம். ஒரு சுரத்திலிருந்து அதன் பஞ்சமத்துக்கு ஏறி, அதையே புதிய ஷட்ஜமாகக் கொண்டு மறுபடி பஞ்சமத்துக்கு ஏறி, இப்படிப் பன்னிரண்டு முறை சென்றால், ஏழு ஸ்தாயிகளுக்கு மேல், புறப்பட்ட அதே சுரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். கணக்கு அப்படி அமைவதில்லை. ஏழு ஸ்தாயி என்பது 128 மடங்கு. பன்னிரண்டு தூய பஞ்சமங்களோ ஏறத்தாழ 129.75 மடங்கு. அரைச்சுரத்தின் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான ஓர் உபரி எப்போதும் எஞ்சி நிற்கிறது. யாருடைய தவறாலும் வந்ததல்ல அது. எண்களின் இயல்பிலேயே இருப்பது. பாடகர் தன் குரலால் இதை அவ்வப்போது சரிக்கட்டிக்கொள்ள முடியும். ஒவ்வொரு விசைக்கும் ஒரே சுருதியை முன்கூட்டியே வைத்துவிட்ட விசைப்பலகைக் கருவியால் முடியாது. ஆகவே அந்த உபரியை எங்காவது மறைத்தாக வேண்டும்: சில பஞ்சமங்களையோ எல்லாவற்றையுமோ மயிரிழை அளவு கெடுத்து, எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் வாசிக்கத்தக்க ஒரு சமரசத்தை உண்டாக்க வேண்டும். அந்தச் சமரசம்தான் எஸ்தெரின் கண்ணில் குற்றம். கடவுள் வைத்த தூய்மையை மனிதன் தன் வசதிக்காக மழித்துவிட்டான் என்கிறார் அவர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெர்க்மைஸ்டர் 1691இல் வெளியிட்ட முறைகளில் பெரிதும் அறியப்பட்டது, பன்னிரண்டு பஞ்சமங்களில் நான்கை மட்டும் சற்றே குறுக்கி, மற்ற எட்டையும் தூய்மையாகவே விட்டுவைக்கிறது. இன்றைய பியானோவில் உள்ள முழுச் சமப் பங்கீடு அதுவல்ல. அது பரவலாக நிலைபெற்றதே 19ஆம் நூற்றாண்டில்தான். அதாவது எஸ்தெர் வெறுக்கும் ஒழுங்குக்கு வெர்க்மைஸ்டர் நேரடிப் பொறுப்பாளி அல்லர். இதைச் சுட்டி நாவலாசிரியர் பிழை செய்துவிட்டார் என்று சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு முழு நாகரிகத்தின் சரிவுக்குப் பொறுப்பான ஒற்றை ஆளைத் தேடும் ஆசை எஸ்தெரின் நோய்க்கூறுகளில் ஒன்று. நாவலில் அதே வேளையில் ஊர்ச் சதுக்கத்தில் கூடி நிற்கும் கூட்டமும் யாரையாவது குற்றவாளியாக்கத்தான் காத்திருக்கிறது. அறையில் படுத்திருக்கும் அறிஞரும் தெருவில் தடியோடு நிற்கும் ஆளும் ஒரே ஏக்கத்தின் இரு முனைகள் என்பதை வாசகர் மெல்ல உணர வைக்கும் ஊசி, இந்தச் சுருதிச் சிக்கல்.

அதனால்தான் எஸ்தெர் ஆணி அடிக்கும் காட்சி எனக்கு இந்த நாவலின் மிகச் சிறந்த 'இசை' பக்கமாகப் படுகிறது, அதில் இசையே இல்லாதபோதும். கலவரம் வரப்போகிறது என்ற அச்சத்தில் அவர் தன் வீட்டுச் சன்னல்களைப் பலகை வைத்து அடைக்கிறார். சுத்தியல் பிடித்துப் பழகாதவர், விரலில் அடித்துக்கொள்கிறார். சுத்தியலின் வளைவு, கையின் விசை, பார்வை எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கோட்பாடு வகுத்து, மறுபடியும் விரலில் அடித்துக்கொள்கிறார். கடைசியில், யோசிப்பதை விட்டுவிட்ட ஒரு கணத்தில், ஆணி நேராக இறங்குகிறது. கை தானாகவே ஒரு சமரசத்தைக் கண்டுகொண்டது. தூய விகிதங்களுக்காகப் பியானோவையே பாழாக்கியவருக்கு, பிழையோடு வாழும் உடம்பு கற்றுக்கொடுக்கும் பாடம் அது. இறுதியில் அந்தப் பியானோ பழைய சுருதிக்கே திரும்புகிறது. பேலா தார் 2000ஆம் ஆண்டில் எடுத்த 'வெர்க்மைஸ்டர் இசைவுகள்' திரைப்படத்தில், மனநோய் விடுதியில் வாய்பேசாமல் அமர்ந்திருக்கும் இளைஞன் வாலுஷ்காவிடம் எஸ்தெர் இதைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: பியானோ இப்போது மற்றப் பியானோக்களைப் போலவே இருக்கிறது. அது தோல்வியின் ஒப்புதலா, குணமடைந்ததன் அடையாளமா என்பதைப் படமும் சொல்வதில்லை, நாவலும் சொல்வதில்லை.

இத்தகைய குறிப்புகளை ஹங்கேரிய வாசகர் எளிதாகப் பின்தொடர்வதற்கு ஒரு காரணம் பள்ளிக்கூடம். இசையமைப்பாளரும் இசைக் கல்வியாளருமான ஜோல்தான் கோடாயின் வழிமுறையில், இசையைத் தினப்பாடமாகக் கொண்ட முதல் தொடக்கப்பள்ளி 1950இல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேத்தில் தொடங்கப்பட்டது. பாடிப் பாடிச் சுரம் அறிவது என்ற அவருடைய முறை பின்னர் நாட்டின் பொதுக் கல்வியிலும் வேரூன்றியது. இன்னொரு காரணம் அரசியல். 1950களின் தொடக்கத்தில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக்கின் சில படைப்புகள் அரசின் ரசனைக்கு ஒவ்வாதவையாக ஒதுக்கி வைக்கப்பட்டன. 1955இல் கவிஞர் ஜியூலா இய்யேஷ் பார்ட்டோக்கைப் பற்றி ஒரு கவிதை எழுதி வெளியிட்டார். அபசுரம் என்று நீங்கள் குறைகூறுவது எங்களுக்கு ஆறுதல் என்பதே அதன் தொடக்க வாதம். இசையின் இசைவைப் பற்றிப் பேசுவது போலத் தோன்றிய அக்கவிதை, ஒரே சுருதியில் பேசும்படி கட்டாயப்படுத்தப்பட்ட சமூகத்தைப் பற்றியது என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. சுருதி, இசைவு, அபசுரம் ஆகிய சொற்கள் அந்த நாட்டின் இலக்கியத்தில் அப்போதிருந்தே இரட்டைப் பொருள் சுமக்கின்றன என்று சொல்லலாம்.

இதற்கு முந்தைய தலைமுறையில் இசை வேறு வேலை செய்தது. ஷாண்டோர் மாராய் 1942இல் எழுதிய, மெழுகுவர்த்திகள் அடிவரை எரிந்து தீர்வதைத் தலைப்பாகக் கொண்ட நாவலில், படைத் தளபதியின் தாயும் அவருடைய இளமைத் தோழன் கொன்ராடும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் ஷோப்பானின் பொலனேஸ்-ஃபாண்டசியை வாசிக்கிறார்கள். அறையில் இருக்கும் தந்தையும் மகனும் அந்த ஒலிக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறார்கள். கொன்ராட் ஒருநாளும் உண்மையான படைவீரன் ஆகமாட்டான் என்று தந்தை பின்னர் சொல்கிறார். அவன் வேறு வகையான மனிதன். இசை இங்கே மனிதர்களை இரு சாதிகளாகப் பிரிக்கும் கோடு: கேட்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். நாவலின் துரோகம் முழுவதும் அந்த ஒரு மாலைப்பொழுதில் விதைக்கப்பட்டுவிடுகிறது. அழகான கட்டுமானம்தான். ஆனால் அதில் இசை கேள்விக்கு உட்படுவதில்லை. அதன் மேன்மை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டது.

அந்த ஒப்புதலை உடைத்தவர் இம்ரே கெர்தேஸ். பதினான்கு வயதில் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிர்பிழைத்தவர். பிழைப்புக்காக இசை நாடகங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டே பல ஆண்டுகள் 'விதியின்மை' நாவலைச் செதுக்கியவர். 1975இல் வெளிவந்த அந்நாவலின் மொழியை அவர் பின்னாளில் இசைச் சொற்களில்தான் விளக்கினார். ஒரு மைய சுரத்தைச் சுற்றி எல்லாம் ஒழுங்குபடும் இசை, கேட்பவர் அனைவரும் ஏற்றுக்கொண்ட பொது உடன்பாட்டைச் சார்ந்தது. அந்த உடன்பாடு செத்துப்போன பிறகு எழுதுகிறவனுக்கு மையமற்ற இசையின் மொழிதான் நேர்மையானது என்பது அவருடைய வாதம். அந்த நாவலைப் படித்தவர்கள் முதலில் அதிர்வது வதைமுகாமின் கொடுமையைக் கண்டு அல்ல. அதைச் சொல்லும் சிறுவனின் குரலில் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த உணர்ச்சி எழாததைக் கண்டுதான். 'இயல்பாகவே', 'புரிந்துகொள்ளக்கூடியதுதான்' என்று அவன் சொல்லிச் செல்கிறான். கண்ணீர் வர வேண்டிய இடத்தில் ஒரு விளக்கம் வருகிறது. நமக்குப் பழகிய சுருதி அந்த வாக்கியங்களில் எங்குமே அகப்படுவதில்லை.

1990இல் அவர் எழுதிய 'பிறவாத குழந்தைக்கான கத்தீஷ்' (கத்தீஷ் என்பது இறந்தோருக்காக யூதர்கள் சொல்லும் செபம்) இதைவிட வெளிப்படையாக இசைவடிவை நாடுகிறது. 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லில் தொடங்கி, அத்தியாயப் பிரிவுகளே இல்லாமல் ஓடும் தனிமொழி அது. குழந்தை வேண்டுமா என்ற கேள்விக்கு அளித்த அந்த மறுப்பு, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வேறொரு நினைவோடு பின்னிக்கொண்டு, வேறொரு குரலில் ஒலிக்கிறது. நாவலின் முகப்பில் ஜெர்மன் மொழிக் கவிஞர் பவுல் செலானின் 'மரண ஃபியூக்' கவிதையின் வரிகள் வைக்கப்பட்டுள்ளன. காற்றில் தோண்டப்படும் புதைகுழி என்ற படிமம் உள்ளேயும் மீண்டும் மீண்டும் வருகிறது. ஃபியூக் என்பது ஒரே கருப்பொருள் ஒரு குரலில் தொடங்கி, அடுத்தடுத்த குரல்கள் அதைத் துரத்திக்கொண்டு நுழையும் வடிவம். அந்தச் சொல்லின் மூலப் பொருளே ஓட்டம், துரத்தல். தப்பியோட முடியாத ஒருவனின் நினைவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது. செலானின் அந்தக் கவிதை 1947இல் முதன்முதலாக ருமேனிய மொழிபெயர்ப்பில் அச்சேறியபோது அதன் தலைப்பு 'மரண டாங்கோ' என்பது.

டாங்கோ என்றதும் கிராஸ்னஹோர்க்காயின் முதல் நாவலுக்கு வந்துவிடுகிறோம். 1985இல் வெளியான 'சாத்தான் டாங்கோ'வின் பன்னிரண்டு அத்தியாயங்கள் முதலில் ஒன்று முதல் ஆறு வரையும், பிறகு ஆறிலிருந்து ஒன்றுக்கும் எண்ணிடப்பட்டவை: முன்னே ஆறு அடி, பின்னே ஆறு அடி. முன்னேறுகிறோம் என்று நம்பிக் கூட்டுப்பண்ணையை விட்டுப் புறப்படும் மனிதர்களை நாவல் புறப்பட்ட இடத்துக்கே இழுத்துவருகிறது. இந்த அமைப்பைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அதன் மணியோசை. முதல் பக்கத்தில் ஃபுதாகி மணியோசை கேட்டு விழித்துக்கொள்கிறான். அருகில் இருக்கும் ஒரே சிற்றாலயத்தில் மணி கிடையாது. அதன் கோபுரம் போரிலேயே இடிந்துவிட்டது. அப்படியென்றால் அந்த ஓசை எங்கிருந்து வருகிறது? நாவலின் கடைசியில் மருத்துவர் அந்த ஓசையைத் தேடிப் போகிறார். பாழடைந்த ஆலயத்தில் மூளை பிசகிய ஒரு கிழவன் மணியை அடித்துக்கொண்டு, துருக்கியர் வருகிறார்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறான்.

வெளிநாட்டு வாசகருக்கு இது வெறும் பித்தனின் கூச்சல். ஹங்கேரியக் குழந்தைகளோ நண்பகல் மணி ஏன் அடிக்கிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பார்கள்: 1456இல் யானோஷ் ஹுன்யாதி நாந்தோர்ஃபெஹேர்வாரில், அதாவது இன்றைய பெல்கிரேடில், துருக்கியப் படையை வென்றதன் நினைவாக என்று. உண்மையில் போப் மூன்றாம் கலிக்ஸ்துஸின் ஆணை வெற்றிச் செய்தி வருவதற்கு முன்பே, வெற்றி வேண்டிச் செபிப்பதற்காகப் பிறப்பிக்கப்பட்டது. வெற்றியின் நினைவாகப் பிற்பாடு அது உருமாறியது. ஆக, மீட்பின் அழைப்பு என்று ஃபுதாகி எண்ணி எழுந்த ஓசை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஆபத்துக்காக ஒரு பித்தன் விடாமல் அடிக்கும் எச்சரிக்கை. ஒரு நாடு தன் வெற்றிகளைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை ஒற்றை ஒலியால் கலைத்துப்போடும் வேலை இது. நாவலில் இசைக்குறிப்பு என்றால் இசைமேதைகளின் பெயர்களைத் தூவுவது என்று நினைப்பவர்கள் இந்த மணியைக் கவனிக்க வேண்டும்.

பீட்டர் எஸ்டர்ஹாஸியிடம் (1950–2016) நிலைமை முற்றிலும் வேறு. அவருக்கு இசை குடும்பச் சொத்து. இசையமைப்பாளர் ஜோசஃப் ஹைடன் 1761 முதல் பணியாற்றியது எஸ்டர்ஹாஸி பிரபுக்களின் அரண்மனையில்தான். அதற்கும் முன்பே, இளவரசர் பால் எஸ்டர்ஹாஸி 1711இல் வியன்னாவில் 55 சமயப் பாடல்கள் கொண்ட 'ஹார்மோனியா கேலெஸ்டிஸ்', அதாவது 'விண்ணக இசைவு' என்ற தொகுப்பைத் தன் பெயரில் அச்சிட்டார். அதே குலத்தில் வந்த நாவலாசிரியர், 2000இல் வெளியிட்ட பெருநாவலுக்கு அதே தலைப்பைச் சூட்டினார். குலப்பெருமை பேசும் தலைப்பு என்று இதை எடுத்துக்கொண்டால் பாதியைத் தவறவிட்டுவிடுவோம். இளவரசரின் தொகுப்பில் பல மெட்டுகள் அவருடையவை அல்ல. வழக்கிலிருந்த சமயப் பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அக்காலத்தில் அது திருட்டாகக் கருதப்படவில்லை. நாவலாசிரியரும் அதே வழக்கத்தையே பின்பற்றுகிறார்: பிறருடைய பத்திகளை மேற்கோள்குறி இல்லாமல் தன் உரைநடைக்குள் நெய்துவிடுவார். ஹங்கேரிய விமர்சனத்தில் இதற்கு 'விருந்தினர் உரை' என்று பெயர். ஜெர்மனியில் இதே பழக்கம் அவருக்குக் கண்டனத்தையும் தேடித் தந்தது. தலைப்பு, புத்தகத்தின் செய்முறையை முன்கூட்டியே அறிவித்துவிட்டது; கேட்கத் தெரிந்தவர்களுக்கு.

நாவலின் முதல் பாகம் 371 எண்ணிட்ட பத்திகள். ஒவ்வொன்றிலும் 'என் தந்தை' வருகிறார். ஒன்றில் பதினேழாம் நூற்றாண்டுப் பிரபு, அடுத்ததில் குடிகாரர், மற்றொன்றில் கைதி. ஒரே கருப்பொருளின் மேல் முடிவில்லாமல் எழும் மாறுபாடுகள் என்ற இசைவடிவம் இது. இரண்டாம் பாகம் 1951இல் குடும்பம் கிராமத்துக்குக் கட்டாயமாக வெளியேற்றப்பட்டதையும், எல்லாம் இழந்தும் தலைநிமிர்ந்து நின்ற தந்தையையும் சொல்கிறது. விண்ணக இசைவு, மண்ணில் ஒரு மனிதரின் நேர்மையாக எஞ்சுகிறது என்று வாசகர் நிறைவோடு மூடிவைக்கலாம்.

அதன் பிறகு நடந்தது எந்த நாவலாசிரியரும் திட்டமிட்டிருக்க முடியாதது. நாவலை எழுதி முடித்த வேளையில், தந்தை 1957 முதல் 1980 வரை ரகசியப் போலீசுக்குத் தகவல் சொல்பவராக இருந்ததற்கான கோப்புகள் மகனின் கையில் கொடுக்கப்பட்டன. 2002இல் அவர் 'திருத்திய பதிப்பு' என்ற புத்தகத்தை வெளியிட்டார். கோப்புகளிலிருந்து எடுத்த தந்தையின் சொற்கள் அதில் சிவப்பு எழுத்தில் அச்சாகியுள்ளன. அவற்றைப் படியெடுக்கும்போது அழுத இடங்களில் 'க' என்ற ஓசையுடைய எழுத்தையும், தன்னிரக்கம் மேலிட்ட இடங்களில் வேறோர் எழுத்தையும் அவர் குறித்துச் செல்கிறார். கண்ணீரையும் தன்னிரக்கத்தையும் குறிக்கும் ஹங்கேரியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இசைத்தாளில் இங்கே உரக்க, இங்கே மெதுவாக என்று ஓரிரு எழுத்துகளால் குறித்திருப்பார்களே, அதைப் போல. 371 மாறுபாடுகளில் வராத ஒரு தந்தை இந்தப் புத்தகத்தில் வந்துவிட்டார். அவருக்கு மெட்டுப் போட இயலாமல், அழுகையின் இடங்களை மட்டும் மகன் குறித்துவைத்தார்.

அட்டிலா பார்திஷின் 'அமைதி' (2001) பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதில் வயலின் கலைஞரான மகள் யூதித் மேற்கு நாட்டுக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிடுகிறாள். அதனால் நடிகையான தாயின் மேடை வாழ்க்கை முடிகிறது. தாய் மகளுக்குப் பொய்யாக ஒரு சவ அடக்கமே நடத்திவிட்டு வீட்டுக்குள் அடைந்துகொள்கிறாள். மகன் சகோதரியின் பெயரில் கடிதங்களைப் புனைந்து தாய்க்குக் கொடுக்கிறான். தலைப்பின் அமைதி என்பது அந்த வீட்டில் வயலின் இருந்த இடத்தின் வெறுமையே.

கிராஸ்னஹோர்க்காய் பாக்கிடம் மீண்டும் வந்தது 2021இல், 'ஹெர்ஷ்ட் 07769' நாவலில். கிழக்கு ஜெர்மனியின் துரிங்கியா பகுதி. பாக் 1685இல் பிறந்த ஐசனாக்கும், அவர் இளமையில் ஆர்கன் வாசித்த ஆர்ன்ஸ்டாட்டும் அங்கேதான் இருக்கின்றன. கானா என்ற கற்பனைச் சிறுநகரில், சுவர்க்கிறுக்கல்களைத் துடைக்கும் தொழில் நடத்தும் 'முதலாளி' ஒரு நவநாஜி. பாக்கின் மேல் உயிரை வைத்திருப்பவரும் அவரே. ஊர்க்காரர்களைச் சேர்த்து ஓர் இசைக்குழு நடத்தி, அவர்களை எப்படியாவது பாக்கை வாசிக்க வைத்துவிட வேண்டும் என்று போராடுகிறார். பாக் நினைவிடங்களில் யாரோ ஓநாய் உருவத்தை வரைந்துவிட்டுப் போகும்போது அவருடைய கோபம் வெறியாக மாறுகிறது. அவரிடம் வேலை செய்யும் ஃப்ளோரியான், உலகம் துகள் இயற்பியலின்படி எந்தக் கணமும் இல்லாமல் போய்விடலாம் என்று அஞ்சி ஜெர்மன் சான்சலர் மெர்க்கலுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வெள்ளந்தி. முதலாளியின் கட்டாயத்தால் ஒத்திகைகளுக்குப் போகத் தொடங்கிய அவன், பாக்கில் மெல்ல மெல்ல மூழ்கிவிடுகிறான்.

மாராயின் நாவலில் இசையைக் கேட்கத் தெரிந்தவர்கள் உயர்ந்தவர்கள். இங்கே முதலாளிக்கு நன்றாகவே கேட்கத் தெரியும். அவருடைய கண்ணீர் போலியானது என்று எழுத ஆசிரியர் ஒரு வரிகூடச் செலவிடவில்லை. அது உண்மையான கண்ணீர். நாவலின் பெரும் துணிச்சல் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பாக்கைப் புரிந்துகொள்ளாதவன்தான் நாஜி ஆவான் என்ற ஆறுதலை அது நமக்குத் தர மறுக்கிறது. பாக்கில் தீமையே இல்லை என்று நம்பும் ஃப்ளோரியானும் பின்னால் கொலை செய்யத்தான் செய்கிறான்.

இவருடைய நீண்ட வாக்கியங்களைப் பற்றிப் பேசும்போது 'இசைமயமான நடை' என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் எந்த நல்ல உரைநடைக்கும் பொருந்தும். ஆகவே எதையும் விளக்குவதில்லை. 'ஹெர்ஷ்ட் 07769'இல் நடப்பது அதைவிடத் திட்டவட்டமானது. சில நூறு பக்கங்கள் நீளும் அந்த நாவல் முழுவதும் ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி கடைசியில்தான் வருகிறது. ஒருவருடைய எண்ணம் காற்புள்ளியைத் தாண்டியதும் மற்றொருவருடையதாக மாறிவிடுகிறது. பேக்கரியில் நிற்கும் மூதாட்டியின் முணுமுணுப்பு, நூலகரின் அச்சம், முதலாளியின் ஒத்திகைக் கத்தல், ஃப்ளோரியானின் கடிதம் எல்லாம், பாக்கின் பலகுரல் எழுத்தில் ஒரு குரல் முடிவதற்குள் அடுத்தது நுழைவதுபோல், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று நுழைகின்றன. பலகுரல் இசையில் எந்தக் குரலையும் மற்றதிலிருந்து பிரித்து வெளியே நிறுத்த முடியாது. முதலாளியை ஒரு வாக்கியத்திலும் ஃப்ளோரியானை இன்னொன்றிலும் வைத்துப் படிக்க விரும்பும் வாசகருக்கு, அப்படிப் பிரித்து நிறுத்திக்கொள்ள நடுவில் ஒரு முற்றுப்புள்ளிகூட அந்தப் புத்தகத்தில் இல்லை.